போச்சு என்று சொன்ன மலை

1

இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த அன்று ஷீபா சேமியா பாயசம் வைத்தாள். ஷீபா என் மனைவி. காரக்கோணத்தில் நர்சிங் படித்தவள். அவளுக்குக் கிடைத்த வேலைதான் அவளையும் என்னையும் அப்போது ஆறு வயதான மகள் அனுவையும் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளப்பி, அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஒரு மலைப்பள்ளத்தாக்கில் கொண்டுவந்து இறக்கியது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். "அங்க என்ன செய்யுத?" என்று ஊரில் கேட்பவர்களிடம் "டிரான்ஸ்போர்ட்டில்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு கிண்ணம் பாயசத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வால்ட்டிடம் போனேன். வால்ட்டும் பஸ் ஓட்டுகிறவன், என் வயதுதான். அன்று அவன் முற்றத்தில் ஒரு பலகையை நட்டு, சுற்றிலும் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். 'எங்கள் மலைகளைச் சட்டம் காக்கட்டும்' என்று எழுதியிருந்தது.

பாயசத்தை நின்றபடியே குடித்துவிட்டு, "பலகை எப்படி?" என்றான்.

"நன்றாக இருக்கிறது" என்றேன். வயிறு எரிந்தது.

இதைப் படிக்கிற உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இங்கே பெரிய வீடு கட்டியவனைப் பார்த்தோ, படகு வாங்கியவனைப் பார்த்தோ எனக்குப் பொறாமை வந்ததில்லை. ஆனால் ஒரு மனுஷன் மலையைக் கைகாட்டி 'எங்கள்' என்று எழுதி, அதை ரோட்டைப் பார்த்து நட்டுவைத்துவிட்டு, நிம்மதியாகப் பாயசமும் குடிக்கிறானே. அதைப் பார்த்து வந்தது.

2

வால்ட் கேட்பது இதுதான். எங்கள் பள்ளத்தாக்கின் வடக்கே தெரியும் மலைவரிசை அரசாங்கத்துக்குச் சொந்தம். காடு, பனி உருகி நிற்கும் ஏரிகள், கொம்பு பெருத்த மான்கள், அவ்வளவுதான் அங்கே. இன்று ஒன்றும் இல்லாவிட்டாலும் நாளை யாராவது ரோடு வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம். அதனால் அதை 'வில்டர்னஸ்' என்று ஒரு சட்டத்தில் எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் அங்கே ரோடு கிடையாது, சுரங்கம் கிடையாது, மோட்டார் வண்டி கிடையாது. நடந்து போகலாம், குதிரையில் போகலாம்.

அந்த வார்த்தையை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்முடைய வேதாகமத்தில் அது வனாந்தரம். இஸ்ரவேல் ஜனங்கள் அலைந்து முறுமுறுத்த இடம், எப்போது இதைவிட்டு வெளியே போவோம் என்று அழுத இடம். இங்கே அதை விட்டுவிடக்கூடாது என்று சட்டம் கேட்கிறார்கள்.

சட்டம் வாஷிங்டனில் ஆக வேண்டும். ஆனால் இந்தத் தொகுதியின் பிரதிநிதி, முதலில் உங்கள் ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளட்டும், உங்கள் கவுண்டி ஆதரவுத் தீர்மானம் போடட்டும், பிறகு நான் மசோதாவைக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டார். கவுண்டி என்பது நம்முடைய தாலுகா மாதிரி. ஆகவே வால்ட் சனிக்கிழமைதோறும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனான். இரண்டு மூன்று தடவை வண்டியில் நானும் கூட இருந்தேன்.

ஆடு மேய்க்கிற குடும்பம் ஒன்று, சட்டம் வந்தால் மேய்ச்சல் போய்விடும் என்று பயந்தது. வால்ட் அவர்களுடைய சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து, மேய்ச்சல் உரிமை அப்படியே இருக்கும் என்று காட்டினான். பனியில் ஓட்டுகிற ஸ்கூட்டர்க்காரர்கள் கத்தினார்கள். அவர்கள் ஓட்டுகிற ஒரு சரிவை விட்டுவிட்டுக் கோட்டைத் தள்ளிப் போட்டான். ஒருத்தர் மேஜையைத் தட்டி, "என் பிணத்தின் மேல்தான் இந்தச் சட்டம் வரும்" என்றார். அவர் மனைவி எங்களுக்கு ஆப்பிள் பை வெட்டிவைத்தாள். அதையும் தின்றுவிட்டுத்தான் வந்தோம்.

வீடு திரும்பும்போது வால்ட், "கஷ்டமான நாள்" என்று பெருமூச்சு விட்டான்.

ஊரில் எனக்குச் செய்ததுபோல் யாரும் அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. 'உன் பெண்டாட்டி எந்த வழியில் டியூட்டிக்குப் போகிறாள் என்று தெரியும்' என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. இதற்குப் பெயர் கஷ்டமான நாள்!

3

என் மலை அவ்வளவு உயரமில்லை. கூனன்பாறை என்று பெயர். ரப்பர் தோட்டங்களுக்கு மேலே முதுகு வளைந்து தெரியும். அதற்குப் பின்னால்தான் நிஜமான மலை தொடங்குகிறது. கூனன்பாறையில் ஆள் குடியிருப்பு இல்லை. காடும் ஊற்றும் குரங்கும் பாறையிடுக்கில் மலைத்தேனும் உண்டு. கீழே எங்கள் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் நின்றது அந்த ஊற்றால்தான்.

மேற்குச் சரிவில் குவாரி வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல். மத்தியானம் வெடி வைப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் அலமாரித் தட்டுகளைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சுவர்கள் விண்டன. டிப்பர் லாரிகள் போய்ப் போய் ரோடு பொடியாயிற்று.

நானும் சுதாகரனும் எதிர்த்தோம். சுதாகரன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. பாறசாலை போகும் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் நோட்டீஸ் அடித்தோம், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். ஆபீஸில் மனு கொடுக்கப் போனால் தமிழில் இருக்கிறது, மலையாளத்தில் கொண்டுவா என்பார்கள். மலையாளத்தில் கொண்டுபோனால் சர்வே நம்பர் இல்லை என்பார்கள். சர்வே நம்பரோடு போனால் அந்த சார் மாற்றலாகிப் போயிருப்பார்.

ஊர்க்காரர்களும் வரவில்லை. பாதிப்பேருக்குக் குவாரியில்தான் வேலை. "எலே செல்வின், வெடி எனக்கும் கேக்குது. ஆனா அடுப்பு எரியணும்லா?" என்று சொன்னவர் என் சொந்தச் சித்தப்பா. கடைசியாக நாங்கள் டிப்பர்களை மறித்தபோது வழியில் நின்றது எட்டுப்பத்துப் பேர். அந்த வருஷம் ஷீபாவுக்கு விசா வந்தது.

அதன் பிறகு யாராவது கூனன்பாறையைப் பற்றிப் பேசினால் "மலை போச்சு" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அனு கேட்டாலும் அதேதான். 'மலை போச்சு மக்கா.'

4

கவுண்டி பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். மூன்று உறுப்பினர்கள் தீர்மானம் போட வேண்டும். ஒருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, மூன்றாமவர் ஒரு மருந்துக்கடைக்காரர், அவர் வாயே திறக்கவில்லை.

வால்ட் என்னிடம் வந்தான். "வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் யாரும் பேசவில்லை. நீ இரண்டு நிமிஷம் பேசு, செல்வின்."

"எனக்கு இங்கே ஓட்டு இல்லை" என்றேன். உண்மைதான். பழைய பாஸ்போர்ட்டை விட மனசு வராமல் குடியுரிமை எடுக்காமல் இருக்கிறேன். ஊரிலும் ஆள் இல்லை என்று பட்டியலில் பெயரை வெட்டிவிட்டார்கள்.

"ஓட்டு வேண்டாம். பெயரையும் தெருவையும் சொன்னால் போதும்."

இதையும் கேட்டு எரிந்தது. சர்வே நம்பர் கேட்கமாட்டார்களா இவர்கள்? முடியாது, அன்று வேறு வேலை இருக்கிறது என்றேன்.

ஆனாலும் போய்விட்டேன். பின்வரிசையில், பெரிய தொப்பிக்காரர் ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஆடு மேய்ப்பவர்கள் பேசினார்கள், ஸ்கூட்டர்க்காரர்கள் பேசினார்கள். பிறகு மைக்குக்கு முன்னால் அனு வந்து நின்றாள். பெயரையும் எங்கள் தெருவையும் சொன்னாள். பதினாறு வயது. வீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொல்லாத பெண்.

அவள் இங்கிலீஷில் பேசியதை நம் பாஷையில் சொல்கிறேன். "என் அப்பா ஒரு மலைக்குக் கீழே வளர்ந்தார். அதைக் காப்பாற்ற ஒரு சட்டமும் இல்லை. அப்பா நடுரோட்டில் லாரிக்கு முன்னால் நின்றார். கூட நிற்க ஆள் வரவில்லை. அந்த மலை இப்போது இல்லை. அதன் இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிற ஒரு குழி இருக்கிறது. அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். இங்கே உங்களிடம் மலையும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். என் அப்பா மாதிரி ஆகிவிடாதீர்கள்."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த தொப்பிக்காரரும் தட்டினார். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. வால்ட் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் தோளுக்கு மேலே அனுவைச் சுற்றி ஆட்கள் நிற்பது தெரிந்தது.

5

காரில் ஏறியதும் வெடித்துவிட்டேன்.

"எனக்க மலைய எடுத்து இவனுவளுக்குக் காட்சி வச்சுட்ட, இல்லியா?"

"அப்பா, வாட்? நான் ஹெல்ப் பண்ணினேன்."

"யாருக்கு ஹெல்ப்பு? இவனுவளுக்கு மலை கிடைக்க, எனக்க மலைய செத்ததாட்டு சொல்லணுமா? கூனன்பாறை இல்லைன்னு உனக்கு யாரு சொன்னது? பாதி இருக்கு. கிழக்குப் பக்கம் காடு அப்படியே உண்டு."

அனு என்னையே பார்த்தாள். "நீங்கதான் சொன்னீங்க. 'மலை போச்சு.' எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. போச்சுன்னா போச்சுதானே?"

நான் பிரேக்கில் கால் வைத்தேன். நம் பேச்சில் உடம்பு போச்சு என்போம், மானம் போச்சு என்போம், மழையில் துணி எல்லாம் போச்சு என்போம். ஒன்றும் இல்லாமல் போனதில்லை. கெட்டுப்போச்சு, வீணாப்போச்சு, எனக்கு ஆகாமல் போச்சு. இந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. ஆறு வயதில் பிடுங்கிக்கொண்டு வந்த தமிழ் அவளுடையது. போச்சு என்றால் அவளுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஷீபா பின்சீட்டில் இருந்தாள்; லாரியையும் குழியையும் பற்றி அனுவுக்குச் சொன்னது அவளாகத்தான் இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்துதான் எனக்குத் தெரியாமல் வந்திருக்கிறார்கள்.

அனு கேட்டாள். "அப்போ அந்த மிச்சம் பாதிக்கு யாரு பேசுறாங்க?"

பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதைக் கேட்டதில்லை. நான் வந்ததோடு எல்லாம் நின்றுபோயிருக்கும் என்று நினைத்திருந்தேன். நின்றுபோயிருக்க வேண்டும் என்றுகூட விரும்பினேன் போலிருக்கிறது. நான் இல்லாமல் அது நடந்தால் பிறகு நான் எதற்கு?

6

ஒரு வாரம் பொறுத்து, எனக்கு சாயங்காலமும் சுதாகரனுக்குக் காலையுமாக இருக்கும் நேரத்தில் கூப்பிட்டேன். கடை திறக்கிற ஷட்டர் சத்தம் கேட்டது.

"எலே, நீ உயிரோட உண்டா?" என்றான்.

"சுதாகரா, அந்தக் குவாரிச் சமரம் இப்பவும் நடக்குதா?"

"நின்னாத்தானே நடக்குதான்னு கேக்கணும்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். நான் போனபிறகு நோட்டீஸ் அடிப்பதை அவன் நிறுத்திவிட்டான். வேறு வழி பிடித்தான். டிப்பர் டிரைவர்கள் டயர் பஞ்சர் ஒட்ட அவன் கடைக்குத்தானே வர வேண்டும்? ஒட்டி முடிகிறவரை பேச்சுக் கொடுத்தான். அவர்கள் வீட்டுக் கிணறும் வற்றித்தான் கிடந்தது, அவர்களுடைய பிள்ளைகளும் இருமிக்கொண்டுதான் கிடந்தன. குவாரி பாதி மலையைத் தின்று, பாறை தீர்ந்து, கிழக்குப் பக்கத்துக்குப் புது அனுமதி கேட்டபோது, அதே டிரைவர்களில் பலர் அவனோடு நின்றார்கள்.

"உங்ககிட்ட அங்க எப்படியாக்கும்? சட்டம் போட்டுத்தானே மலைய வைக்கான்? இங்கயும் அதுக்கு வழி உண்டு மக்கா. மிச்ச மலைய சம்ரட்சிக்கணும்னு சர்க்கார் அறிவிக்கும். ஆனா முதல்ல கிராமசபையில தீர்மானம் பாஸாகணும். அதுக்கு, சட்டம் சொல்லுத எண்ணத்துக்கு ஆள் திகையணும். ரெண்டு தடவ கூட்டம் போட்டும் ஆள் திகையல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா நீ?"

"நீ கேட்டியா?" என்றான். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். பிறகு சிரித்தான். "உனக்க மகளுக்க பேச்சு இங்க வந்து வெடி வச்ச மாதிரியாக்கும்."

எனக்கு விளங்கவில்லை. ஷீபா அந்தக் கூட்டத்தின் வீடியோவைத் தன் தங்கச்சிக்கு அனுப்பி, கூடவே அனு என்ன பேசினாள் என்று தமிழிலும் பேசி அனுப்பியிருக்கிறாள். அது ஊரில் எல்லா போனிலும் ஏறிவிட்டது.

"ஆளுவ சந்தோசப்பட்டினுமா?"

"சந்தோசமா? எல்லாருக்கும் கலி, ஒரே கோவம்! 'மலை இல்லைன்னு இந்தப் பெண்ணு அமேரிக்காவில போய் சொல்லிப்போட்டாளே, நாங்க இங்க கண்ணு தெரியாமலா இருக்கியோம்'னு உனக்க சித்தப்பா கடைக்கு வந்து ஒரே சத்தம். 'கூட நிக்க ஆள் வரல்லன்னு வேற சொல்லியிருக்கா. வாறோம்லே, எப்பலே கூட்டம்?'னு என்கிட்ட கேக்காரு."

நானும் சுதாகரனும் அடித்த நோட்டீஸ்கள் எத்தனை! ஒருவர் வரவில்லை. என் மகள் தெரியாமல் ஒரு தப்புச் சொன்னாள். ஊரே கிளம்பிவிட்டது.

7

கிராமசபை அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில். எங்களுக்கு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். சுதாகரன் போனை மைக் பக்கத்தில் வைத்தான். நான் பேசுவதற்கு ஒரு பக்கம் எழுதி, இரண்டு தடவை வாசித்தும் பார்த்திருந்தேன்.

பள்ளிக்கூட ஹாலில் நாற்காலி இழுக்கும் சத்தம் ஓயவே இல்லை. வெளியிலும் ஆள் நிற்கிறது என்றான் சுதாகரன். வார்டு மெம்பர் லில்லி மலையாளத்தில் தொடங்கி, தமிழுக்கு வந்து, பழையபடி மலையாளத்துக்குப் போனார். குவாரிப் பக்கம் இரண்டு பேர் எழுந்து, வேலை போகும் என்று சொன்னார்கள். சித்தப்பாவின் குரல் கேட்டது. "வேலை மலை தீந்தாலும் போவும். அப்பம் தண்ணியும் கிட்டாது."

பிறகு லில்லி மெம்பர், "அமெரிக்காவிலேர்ந்து லைன்ல இருக்காங்க" என்றார். நான் தொண்டையைக் கனைத்தேன். "அனு மோளே, ஒரு வார்த்தை பேசு" என்றார் லில்லி.

அனு என்னைப் பார்த்தாள். நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"நான் அனு. நான் தப்பா சொல்லிட்டேன். சாரி" என்றாள். பிறகு மெதுவாக, "மலை உண்டு" என்றாள்.

எங்கள் ஊர்ச் சொல். எங்கே வைத்திருந்தாளோ. ஹாலில் ஒரு கிழவியின் குரல் "உண்டு மக்களே, உண்டு!" என்றது. அப்புறம் ஆளாளுக்கு 'உண்டு, உண்டு' என்று ஒரே இரைச்சல். கைகளை எண்ணிக்கூட முடிக்கவில்லை. "பாஸாயாச்சு!" என்று சுதாகரன் போனில் அலறினான்.

ஷீபா அழுதாள். நானும் கண்ணைத் துடைத்தேன். அது முழுக்க சந்தோஷக் கண்ணீர் என்று யாரிடமும் சத்தியம் செய்யமாட்டேன்.

திங்கட்கிழமை பஸ் ஷெட்டில் வால்ட்டிடம் சொன்னேன். தீர்மானம் பஞ்சாயத்துக்குப் போனதையும், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போவதையும், அதுவரை கிழக்குப் பக்கத்தில் புது அனுமதி கிடையாது என்று பஞ்சாயத்து நிறுத்திவைத்ததையும் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவனுடைய மசோதா அப்போதும் வாஷிங்டனில் ஏதோ ஒரு மேஜையில் கிடந்தது. இப்போதும் கிடக்கிறது. "உங்கள் ஊரில் இவ்வளவு வேகமா?" என்று கேட்டான். அவன் முகத்தில் ஒரு நொடி ஓடி மறைந்ததை நான் பார்த்தேன். அது என்னவென்று எனக்கா தெரியாது? அன்று முழுக்க பஸ்ஸை நன்றாக ஓட்டினேன்.

8

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். அனுவுக்குக் கூனன்பாறையைப் பார்க்க வேண்டும். சுதாகரன் கடையைப் பூட்டிவிட்டு வந்தான்.

மேற்குப் பக்கம் வழியாகத்தான் முதலில் கூட்டிப்போனான். அவள் சொன்ன மாதிரியே பச்சைத் தண்ணீர் நிற்கிற குழி. ஆழம் பார்க்கக் கல் எறிய வேண்டாம் என்றான் சுதாகரன். அங்கிருந்து முதுகு ஏறிக் கிழக்கே இறங்கினோம். பாதையை அவன் எனக்குச் சொல்லவில்லை, அனுவுக்குத்தான் சொல்லிக்கொண்டு போனான். இது ஊற்று, இது தேனடை, இங்கே மழைக்கு வழுக்கும், சூட்சிச்சு, பாத்து வா மோளே. அவள் "சரி மாமா, சரி மாமா" என்று அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடந்தாள். நான் ஓடித்திரிந்த பாதைகள். அவனும் எனக்குப் பொறாமை, அவளும் எனக்குப் பொறாமை. மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கீழே இறங்கியதும் ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அனுவை அடையாளம் கண்டுவிட்டாள். வாளியை வைத்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மலை உண்டுன்னு சொன்ன மோளு இல்லியா?" என்றாள். அவள் கல்யாணமாகி வெளியூரிலிருந்து வந்தவளாக இருக்கவேண்டும். இந்த மலைக்காக டிப்பருக்கு முன்னால் நின்றவனை அவளுக்குத் தெரியவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு சுதாகரனிடம் கேட்டாள்.

"இது ஆரு?"

சுதாகரன் என்னைப் பார்த்தான். எல்லாவற்றையும் அவன் சொல்லியிருக்கலாம். நோட்டீஸை, மனுவை, நடுரோட்டில் நின்றதை.

"இதா? இது அனுவுக்க அப்பனாக்கும்" என்றான்.